காட்டெருமையும் களைச்செடியும்



களை என்றால் என்னவென்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ரப்பர் நிரையில் லாலாங் புல் ஏறினால் அது களை. இளஞ்செம்பனையின் குருத்தைக் கொடி சுற்றிக்கொண்டால் அது களை. பாராங் கத்தியும் மண்வெட்டியும் மருந்துப் பம்பும் தூக்கி, மூன்று நான்கு தலைமுறையாக நம்மவர்கள் பார்த்த வேலையில் பெரும்பங்கு களையோடு போராடிய வேலைதான். நட்ட பயிரின் சோற்றைத் தட்டிப் பறிப்பது களை என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

காட்டில் யாரும் எதையும் நடுவதில்லை. அப்படியானால் காட்டில் களை என்று ஒன்று உண்டா? இந்தக் கேள்வியைத்தான் இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். உண்டு என்பதே பதில். காட்டிலும் ஒரு வெள்ளாமை இருக்கிறது. அதற்கு உழவன் கிடையாது. அறுவடைக்காரர்கள் நிறைய உண்டு. மானும் காட்டெருமையும் யானையும் முயலும் நம்பியிருக்கும் புல்தான் அந்த வெள்ளாமை. புல் இருந்த இடத்தை வேறொரு செடி பிடித்துக்கொண்டால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் காடு முன்னைவிடப் பசுமையாகத்தான் தெரியும். உள்ளே இருக்கும் விலங்கோ பசியோடு நிற்கும்.

முதலில் அந்த விலங்குகளில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். நம் நாட்டில் செலாடாங் என்கிறோம். தமிழ்நாட்டு மலைகளில் காட்டெருமை என்றும் காட்டுமாடு என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே இனந்தான். எருமை என்று பெயர் இருந்தாலும் அது எருமை அல்ல, மாட்டுச் சாதி. கரிய உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற கால்கள், முதுகில் எழும்பிய திமில். நன்கு வளர்ந்த காளை 800 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். மலாயாவில் வாழும் வகைக்கு 1907ஆம் ஆண்டில் லிடெக்கர் என்ற விலங்கியல் அறிஞர் 'ஹப்பாக்கி' என்று பெயர் வைத்தார். தியடோர் ஹப்பாக் என்பவரின் பெயரை ஒட்டி வைத்த பெயர் அது. இந்த ஹப்பாக் முதலில் வேட்டைக்காரர். பிறகு மனம் மாறி, வன விலங்குகளைக் காக்க வேண்டும் என்று அரசாங்கத்தோடு ஆண்டுக்கணக்கில் வாதாடியவர். 1938, 1939ஆம் ஆண்டுகளில் சட்டமாகி, இன்று தாமான் நெகாரா என்று நாம் அழைக்கும் தேசிய வனம் உருவானதற்கு அவருடைய உழைப்பு ஒரு முக்கிய காரணம்.

இவ்வளவு பெரிய உடம்பைப் புல்லைத் தின்றே எப்படி வளர்க்கிறது? வீட்டில் மாடு வளர்த்தவர்களுக்கு விடை பாதி தெரியும். அசைபோடும் விலங்கின் இரைப்பையில் நான்கு அறைகள் இருக்கின்றன. முதல் அறை ஒரு பெரிய புளிப்புத் தொட்டி. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடி கோடியாக வாழ்கின்றன. மாட்டால் தானாகச் செரிக்க முடியாத நாரை இவைதாம் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றிக் கொடுக்கின்றன. ஆகவே இந்த விலங்குக்கு வேண்டியது நாள்தோறும் நிறையத் தீனி, அதுவும் தொட்டிக்குப் பழக்கமான தீனி. யானைக்கு இப்படி நான்கு அறை கிடையாது. அது தின்பதில் பாதிக்கும் குறைவாகவே செரிக்கிறது. அதனால் ஒரு நாளைக்கு 150 கிலோவரை தின்று தீர்க்க வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் புல் தளதளவென்று இருக்கும்போது யானையும் புல்லையே பெரிதும் நாடுகிறது.

இனி நாம் கொஞ்சம் கடல் தாண்டிப் போக வேண்டும். களைச்செடி காட்டு விலங்கை எப்படி வாட்டுகிறது என்பதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில், நீலகிரி மலையின் அடிவாரத்தில் இருக்கும் முதுமலைக் காட்டில் கிடைக்கிறது. 1940இல் சரணாலயமாக்கப்பட்டு, 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அது. பக்கத்து ஊர் கூடலூர். அங்கேயும் தேயிலைத் தோட்டங்கள், லயங்கள், தோட்டத் தொழிலாளர்கள். அவர்களில் ஏராளமானோர் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. ஆகையால் நான் சொல்லப்போகும் காடு, நம்மைப் போன்றவர்கள் வேலி ஓரமாக நின்று தினமும் பார்க்கிற காடு.

முதுமலைக் காடு நம் கெடா காட்டைப்போல எப்போதும் இருண்டு கிடப்பதில்லை. அதன் பெரும்பகுதி இலையுதிர்க் காடு. தேக்கும் வெண்தேக்கும் மருதும் வேனிலில் இலையை உதிர்த்துவிடும். வெயில் தரைவரை இறங்கும். முதல் மழை விழுந்ததும் மரத்தடியெங்கும் புல் கிளம்பும். ஆளுயரப் புல், குறும்புல் என்று பலவகை. புள்ளிமான் கூட்டமாக மேயும். நம் நாட்டில் ரூசா என்று சொல்லும் கடமான் அங்கும் உண்டு; அது புல்லும் தின்னும், இலை தழையும் கடிக்கும். காட்டெருமையும் யானையும் ஒரே புல்வெளியில் வெவ்வேறு நேரத்தில் வந்து போகும். இந்த மந்தைகளை நம்பியே புலியும் செந்நாயும் வாழ்கின்றன.

இந்தக் காட்டுக்குள் வந்து குடியேறியதுதான் உண்ணிச்செடி. உங்களுக்குத் தெரிந்த செடிதான் நேயர்களே. ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்பும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். தண்டில் சிறு முள் இருக்கும். இலையைக் கசக்கினால் ஒரு நெடி அடிக்கும். அந்த நெடியை வைத்துத்தான் மலாய்க்காரர்கள் அதற்குப் 'பூங்ஙா தாஹி ஆயாம்', அதாவது கோழி எச்சப் பூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்களில் சாலையோரத்திலும் வீட்டு வேலியிலும் பார்க்கலாம். அதன் சொந்த நாடு அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. அங்கிருந்து டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். பூ அழகாக இருந்ததால் தோட்டக்காரர்கள் ஒட்டுச் சேர்த்துப் பல வகைகளை உண்டாக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதைக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் நட்டார்கள். வேலிக்கும் அலங்காரத்துக்கும் ஆகும் என்று ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இன்று இந்தியக் காடுகளில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டரில் அது பரவிவிட்டதாக 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெர்லிஸிலிருந்து ஜொகூர் வரை நம் தீபகற்ப மலேசியா முழுவதையும் சேர்த்தாலும் சுமார் 1,32,000 சதுர கிலோமீட்டர்தான்.

வெளிநாட்டுச் செடி என்றாலே கெடுதல் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ரப்பர் மரம் பிரேசிலிலிருந்து வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம் தாத்தா பாட்டிகளும் கப்பலேறி வந்தவர்கள்தாம். வந்தது குற்றமல்ல. வந்த செடி நட்ட இடத்தில் நிற்கிறதா, கட்டுக்கடங்காமல் ஓடுகிறதா என்பதே கேள்வி. உண்ணிச்செடியின் தாய்நாட்டில் அதன் இலையைத் தின்னும் பூச்சிகளும் விதையைத் துளைக்கும் ஈக்களும் இருக்கின்றன. புது நாட்டுக்குச் செடி வந்தபோது அவை கூட வரவில்லை. பகையில்லாத செடி பலுகிப் பெருகுகிறது.

அது பெருகும் விதத்தைக் கேளுங்கள். கறுப்பு மணிபோன்ற அதன் பழத்தைக் கொண்டைக்குருவியும் மைனாவும் விரும்பித் தின்கின்றன. விதை எச்சத்தோடு மரத்தடியில் விழுகிறது. முளைத்த செடி இரண்டு மூன்று மீட்டர் வளர்ந்து புதராகிறது. பக்கத்தில் மரம் இருந்தால் அதைப் பற்றிக்கொண்டு இன்னும் மேலே ஏறுகிறது. தண்டு வளைந்து தரையைத் தொட்ட இடத்தில் வேர் விடுகிறது. வெட்டினால் அடித்தூரிலிருந்து நான்கு தண்டு கிளம்புகிறது. எரித்தாலும் அப்படித்தான். புதர் அடர்ந்த பிறகு அதன் கீழே வெயில் இறங்குவதில்லை. புல்லோ வெயில் இல்லாமல் வாழாத சாதி. போதாக்குறைக்கு, உண்ணிச்செடியின் இலையும் வேரும் மண்ணில் சில இரசாயனப் பொருள்களை விடுகின்றன. அவை மற்றச் செடிகளின் விதை முளைப்பதைத் தடுக்கின்றன. சில ஆண்டுகளில் அந்தப் புதருக்கு அடியில் வெறும் சருகும் மண்ணுமே மிஞ்சும்.

முதுமலைக்குக் கிழக்கே, சத்தியமங்கலம் காட்டை ஒட்டிக் கருநாடகத்தில் பிலிகிரி ரங்கசாமி மலை இருக்கிறது. அங்கே பரத் சுந்தரம், அங்கிலா ஹிரேமத் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டைச் சிறு சிறு பாத்திகளாகக் குறித்துக்கொண்டு கணக்கெடுத்தார்கள். 1997ஆம் ஆண்டில் 100 பாத்திகளுக்கு 41 என்ற கணக்கில் உண்ணிச்செடி இருந்தது. 2008இல் அது 81 ஆகிவிட்டது. செடிகளின் நெருக்கம் நான்கு மடங்காயிற்று. பதினோரே ஆண்டுகளில்! ஒரு குழந்தை பிறந்து ஐந்தாம் ஆண்டு படிப்பதற்குள் ஒரு மலையின் அடிக்காடு ஆள் மாறிவிட்டது.

இப்போது மேய வரும் விலங்கின் நிலையை நினைத்துப் பாருங்கள். எதிரே பச்சையாக நிற்கிறதே, அதைத் தின்றால் என்ன? தின்னாது. உண்ணி இலையில் 'லாண்டடீன்' என்ற நஞ்சு இருக்கிறது. மாடு, ஆடு, எருமை போன்ற அசைபோடும் பிராணிகளை அது கொல்லும். அது வேலை செய்யும் விதம் வேடிக்கையானது, கொடுமையானதும்கூட. முதலில் ஈரலைத் தாக்குகிறது. பித்தநீர் ஓடும் சிறு குழாய்கள் அடைபட்டுப் போகின்றன. நாம் சொன்ன புளிப்புத் தொட்டி அசையாமல் நின்றுவிடுகிறது; நின்ற தொட்டியிலேயே நஞ்சு தங்கி, மேலும் மேலும் உடம்பில் ஊறுகிறது. புல்லின் பச்சையம் செரிக்கும்போது உண்டாகும் ஒரு கழிவுப்பொருள், வழக்கமாகப் பித்தநீரோடு வெளியேற வேண்டும். வழி அடைபட்டதால் அது இரத்தத்தில் கலந்து தோலுக்கு வருகிறது. அந்தப் பொருளுக்கு வெயில் ஆகாது. வெயில் பட்டவுடன் மூக்கும் காதும் மடியும் வெந்துபோய்ப் புண்ணாகின்றன. கண் மஞ்சளாகிறது. மாடு நிழலைத் தேடி ஓடி, இரையெடுக்காமல் சாகிறது.

நம் லயத்தில் ஆடு வளர்ப்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். பழகிய ஆடு உண்ணியைத் தொடாது. வேறு ஊரிலிருந்து வாங்கிவந்த ஆடும், பசியோடு கட்டிப் போட்ட ஆடும்தான் கடித்துவிடும். சிவப்புப் பூ வகையில் நஞ்சு அதிகம் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

காட்டு விலங்கு அந்த நஞ்சைத் தின்று சாவதைவிட, தின்ன மறுத்துப் பட்டினி கிடப்பதுதான் மிகுதி. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். உண்ணிச்செடி யாரையும் துரத்துவதில்லை; சோற்றுத் தட்டின்மீது உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். மீதியிருக்கும் புல் திட்டுகளில் எல்லா மந்தைகளும் நெருக்கிக்கொண்டு மேய்கின்றன. புல் தலையெடுக்க நேரமில்லாமல் தரையோடு தேய்கிறது. அந்த இடத்தையும் களை பிடிக்கிறது. புள்ளிமானுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அது திறந்த வெளியில் மேய விரும்பும் பிராணி. நான்கு பக்கமும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் நிம்மதியாகத் தலையைக் குனியும். புதர் மண்டிய இடத்தில் சிறுத்தை எங்கே பதுங்கியிருக்கிறது என்று தெரியாதே! ஆகவே சாலையோரத்தில், வாகனங்களின் பார்வைக்காக வனத்துறையினர் புதர் வெட்டி வைத்த இடங்களில் மான்கள் கூடுகின்றன. மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்கள் பேருந்திலிருந்தே மான் பார்த்தோம் என்று மகிழ்ந்து வருகிறார்கள். மான் ஏன் சாலைக்கு வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

மலை உச்சியிலும் இதே கதை வேறு செடியால் நடந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காடுகளுக்கு நடுவே பரந்த புல்வெளிகள் இருந்தன. வெள்ளைக்காரர் அவற்றைத் தரிசு என்று எழுதி வைத்தார்கள். விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த அரசும் அதையே தொடர்ந்தது. சீகை, நட்ட இடத்தைத் தாண்டிப் புல்வெளிக்குள் ஓடியது. 1973இலிருந்து 2014க்குள் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக்கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். நட்ட மரமும், அதிலிருந்து தானே பரவிய மரமும், விவசாயமும் சேர்ந்து விழுங்கிய கணக்கு அது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு அந்தப் புல்வெளியையும் பாறையையும் விட்டால் வேறு எங்கும் வாழத் தெரியாதது. காட்டெருமைக்கு அவ்வளவு கூச்சம் இல்லை. அது கொடைக்கானல் கடைத்தெருவுக்கும், குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களுக்கும் இறங்கி வந்துவிட்டது. புல்வெளி சுருங்கியது மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஊர் காட்டுப் பக்கம் வளர்ந்ததும் ஒரு காரணம். எதுவாயினும், விடியற்காலையில் கொழுந்துக் கூடையோடு போகிற பெண், தேயிலை நிரையின் வளைவில் 800 கிலோ காளையின் எதிரே நிற்க நேர்கிறது. சிலர் முட்டுப்பட்டு இறந்திருக்கிறார்கள். தோட்டத்து ஓரத்தில் உண்ணிப் புதர் மண்டியிருந்தால் எதிரே நிற்பது தெரியவும் தெரியாது.

எனவே காட்டுக் களை என்பது வனத்துறை அதிகாரிகளின் தலைவலி மட்டுமல்ல. காட்டு ஓரத்தில் கூலிக்கு வேலை செய்பவரின் உயிரையும் அது தொடுகிறது.

தோட்டங்களுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. அஸ்ஸாம் மாநிலத்தில் காசிரங்கா என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகத்துக்குப் பெயர் போனது. அதைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். மண்ணுக்கு உரம் சேர்க்கும் என்று சொல்லி, தொட்டாற்சுருங்கி வகையைச் சேர்ந்த ஒரு முட்கொடியை அந்தத் தோட்டங்களில் மூடுபயிராக வளர்த்தார்கள். அது வேலி தாண்டிக் காசிரங்கா புல்வெளிக்குள் போய்விட்டது. முள் அடர்ந்த பாய்போலப் படர்ந்து, காண்டாமிருகமும் மானும் மேயும் புல்லை மூடியது. அதன் இலையிலும் நஞ்சு உண்டு. பிறகு ஆட்களை வைத்து, பூக்கும் முன்னே ஆண்டுதோறும் வெட்ட வேண்டியதாயிற்று. நேப்பாளத்தின் சித்வான் பூங்காவில் காண்டாமிருகத்தின் மேய்ச்சலை மூடி வருகிற கொடியை நீங்களே பிடுங்கியிருப்பீர்கள். மலாய்க்காரர்கள் 'செலாபுட் துங்குல்', அடிக்கட்டையை மூடும் போர்வை என்பார்களே, அதே கொடிதான். ரப்பர் தோட்டத்தில் அது கன்றை நெரித்தால் மறுநாளே ஆள் அனுப்பிப் பிடுங்கச் சொல்வார்கள். காட்டில் பிடுங்கச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

சரி, பிடுங்கத்தான் செய்கிறார்களா? செய்கிறார்கள். ஆனால் பல காலம் தவறான முறையில் செய்தார்கள். தரைமட்டத்தில் வெட்டுவது, எரிப்பது இரண்டும் உண்ணிச்செடிக்கு உரம் போடுவதுபோல. டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும் இமயமலை அடிவாரத்திலுள்ள கார்பெட் புலிகள் காப்பகத்தில் ஒரு வழியைச் செய்து காட்டினார்கள். செடியின் தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்துதான் புதுத் துளிர் வருகிறது. ஆகவே மண்வெட்டியால் தரைக்கு மூன்று நான்கு விரல் கீழே வேரை வெட்ட வேண்டும். வெட்டிய புதரைத் தூக்கி, வேர் மேலே இருக்கும்படித் தலைகீழாகக் கவிழ்த்துக் காயப்போட வேண்டும். மண்ணைத் தோண்டிக் கிளறக் கூடாது. கிளறினால் புதைந்திருக்கும் விதையெல்லாம் விழித்துக்கொள்ளும். வெட்டிய இடத்தில் நாட்டுப் புல்லை விதைக்க வேண்டும். பறவை உட்காரும் மரங்களின் கீழே இரண்டு மூன்று ஆண்டுகள் வந்து பார்த்து, புது நாற்றைக் கையால் பிடுங்க வேண்டும். மண்வெட்டி பிடித்த கைக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. களையெடுப்பு படிக்காதவன் வேலை என்று நினைப்பவர்கள் இந்த முறையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

பழைய தீ வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிலிகிரி ரங்கசாமி மலையின் சோளகர் என்னும் பழங்குடி மக்கள் முற்காலத்தில் ஆண்டுத் தொடக்கத்தில், சருகு அதிகம் சேரும் முன்பே, சிறு தீ வைப்பார்கள். தீ தரையோடு ஓடி அணைந்துவிடும். உண்ணி நாற்று கருகும். புல் மறுபடி துளிர்க்கும். 1974இல் அந்த மலை சரணாலயமான பிறகு அந்தத் தீ நிறுத்தப்பட்டது. அதற்குப் பின்னர்தான் உண்ணி கட்டு மீறியது என்று சோளகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் பலரும் அதில் உண்மை இருப்பதாகக் கருதுகிறார்கள். இன்றைக்கு அப்படியே தீ வைக்க முடியாது. அடர்ந்து காய்ந்த புதர் ஏணிபோல நின்று தீயை மரக்கிளைவரை ஏற்றிவிடும்.

வெட்டிய தண்டை என்ன செய்வது? கருநாடகத்தின் மாதேசுவரன் மலையில் 2004 முதல் பழங்குடியினர் உண்ணித் தண்டை வேகவைத்துப் பட்டை உரித்து, பிரம்பைப்போல வளைத்து நாற்காலி, மேசை செய்யப் பழக்கப்பட்டார்கள். கூடலூர்ப் பக்கத்தில் பணியர், பெட்டக் குறும்பர், காட்டுநாயக்கர் ஆகிய மக்கள் அதே தண்டால் உண்மை அளவிலேயே யானை உருவங்கள் செய்தார்கள். 2021ஆம் ஆண்டில் அந்த யானைகள் கப்பலேறி இலண்டன் மாநகரப் பூங்காக்களில் நின்றன. இன்னொரு செடி, மஞ்சள் பூ மரமாக வயநாட்டிலும் முதுமலையிலும் பரவியிருக்கும் அமெரிக்கக் கொன்றை. அதை வெட்டித் தமிழ்நாடு அரசின் காகித ஆலைக்குக் கூழாக்க அனுப்பும் வேலையும் நடக்கிறது. 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியக் களைகளை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. நாற்காலி விற்றுக் காட்டைக் காப்பாற்றிவிட முடியாது என்பது என் எண்ணம். செடி இருக்கும் பரப்பு அவ்வளவு பெரிது. வேலையில்லாத மாதத்தில் ஒரு குடும்பத்துக்குக் கூலி கிடைக்கிறது, அதுவே பெரிய காரியம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். உண்ணிப் பழத்தைத் தின்று வாழும் பறவைகள் உண்டு. அதன் பூவுக்கு வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன. காட்டுப்பன்றி புதருக்குள் குட்டி போடுகிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தால் மொட்டைத் தரையில் அடுத்த களை வந்து உட்காரும். பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் புல்லைக் கொண்டுவருவதே முறை.

இனி நம் ஊருக்கு வருவோம். உலு மூடா காட்டை உண்ணிச்செடி விழுங்கிவிடுமா? அப்படிப் பயப்பட வேண்டாம். நம் மழைக்காடு ஆண்டு முழுதும் நிழல் மூடியது. வெயில் விரும்பும் உண்ணியும், மலாயில் 'போக்கோக் காப்பால் தெர்பாங்' எனப்படும் ஆகாயக் கப்பல் செடியும் அந்த இருட்டுக்குள் நுழைய முடியாது. நிழல்தான் நம் காட்டின் வேலி. ஆனால் அதே நிழலால் நம் காட்டில் புல்லும் குறைவு. ஆற்றங்கரை, உப்பு ஊற்றின் ஓரம், பெருமரம் விழுந்த இடைவெளி, இவ்வளவுதான் மேய்ச்சல் நிலம். செலாடாங்கும் ரூசாவும் யானையும் இந்தச் சிறு திறப்புகளைத் தேடித்தான் அலைகின்றன. மரம் வெட்டும் பாதை போட்டதும் காட்டின் கதவு திறந்து, வெயில் உள்ளே விழுகிறது. முதலில் புல் வரலாம், விலங்கும் வரும். கவனிப்பார் இல்லையென்றால் பின்னாலேயே கொடியும் கப்பல் செடியும் வந்து அதை மூடும். கப்பல் செடியின் விதை, பெயருக்கேற்பக் காற்றில் பறக்கக் கூடியது. லாரிச் சக்கரத்துச் சேற்றிலும் ஒட்டிக்கொண்டு போகும்.

தீபகற்பத்தில் செலாடாங் இன்று மிகவும் அருகிவிட்டது. 1982இல் பகாங் மாநிலம் ஜெண்டெராக்கில் அதற்கென ஒரு காப்பகம் அமைத்து இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினார்கள். அதன் அழிவுக்கு முதற்காரணம் காடு அழிந்ததும் திருட்டு வேட்டையும்தான். களையின்மேல் எல்லாப் பழியையும் போடுவது நியாயமாகாது. இருந்தாலும், வளர்த்த விலங்கைக் காட்டில் விட வேண்டுமானால் அங்கே அதற்குப் புல் இருக்க வேண்டும் அல்லவா?

சிக், பாலிங் பக்கத்துத் தோட்டங்களில் யானை வந்து வாழையையும் இளம் ரப்பரையும் முறித்துப் போடும்போது நாம் யானையைத் திட்டுகிறோம். திட்டத்தான் தோன்றும், ஓராண்டு உழைப்பு ஓர் இரவில் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? காட்டின் ஓரத்தில் அதற்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்க்கலாம்.

இன்னொரு புதிய விருந்தாளியையும் சொல்லி முடிக்கிறேன். பார்த்தீனியம் என்ற செடி 2013இல் சிலாங்கூரில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு நம் கெடாவிலும் காணப்பட்டது. கேரட் இலைபோல வெட்டுண்ட இலை, கடுகளவு வெள்ளைப் பூக்கள், இடுப்புயரம். வெறுங்கையால் தொட்டால் தோல் தடித்து அரிக்கும். சிலருக்கு மூச்சு இழுக்கும். அதைத் தின்ற ஆட்டின் பால் கசக்கும். இந்தியாவில் அது மேய்ச்சல் நிலங்களைப் பிடித்துக்கொண்டு ஊர் மாட்டையும் காட்டு மானையும் சேர்த்து வருத்துகிறது. இங்கே இன்னும் சாலையோரத்திலும் ஆட்டுப்பட்டி அருகிலும்தான் பெரும்பாலும் இருக்கிறது. கண்டால் கையுறை போட்டு, பூக்கும் முன்னே வேரோடு பிடுங்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். விவசாய இலாகாவுக்குத் தகவல் சொல்லுங்கள். வீட்டுத் தோட்டத்தில் கழித்த செடிகளைக் காட்டோர ஓடையில் வீசாதீர்கள். அங்கிருந்துதான் பல செடிகள் உள்ளே போகின்றன.

தோட்டத்தில் இருப்பவர்களும் தாமானுக்குக் குடிபோனவர்களும் பள்ளி விடுமுறையில் பாலிங் சாலையில் போகும்போது பிள்ளைகளை ஜன்னல் ஓரத்தில் உட்கார வையுங்கள். காடு தொடங்கும் இடத்தில் நிற்பது புல்லா, கொடியா, உண்ணியா, கப்பல் செடியா என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணி எழுதி வந்தால் வகுப்பில் பேசுவோம்.